நேபாளத்துப் பூ நம்ம மலையிலே!

(பண்ணை வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மாசி மாதத்திலே ஒரு நாள் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பூண்டு வயலைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்திருந்தோம். அவர் மகன் பரீட்சைக்காகச் சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். "நேபாளத்தின் தேசிய மலர் ரோடோடென்ட்ரான், நேபாளத்தின் தேசிய மலர் ரோடோடென்ட்ரான்..." என்று திரும்பத் திரும்ப.

அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏங்கய்யா, வாயிலே நுழையாத பேரு. எங்கேயோ இருக்கிற நாட்டுப் பூவைப் படிச்சு இவன் என்ன செய்யப் போறான்? பூண்டுக்கு மருந்து அடிக்கிறதையாவது சொல்லிக் கொடுத்தா பிரயோசனம் உண்டு" என்றார்.

நான் எதிர் மேட்டைக் காட்டினேன். சோலை ஓரத்திலே, புல் மேட்டிலே, கோணல்மாணலான ஒரு மரம். கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பிலே பூ. "அண்ணே, அந்த மரம் என்ன மரம்?" என்று கேட்டேன்.

"அதுவா? காட்டுப் பூவரசு."

"தம்பி படிக்கிற பூ அதுதான்!"

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேபாளத்துக்காரர்கள் அந்தப் பூவை 'லாலிகுராஸ்' என்கிறார்கள். நம்ம மலையில் இருப்பது அதே இனத்தின் தென்னாட்டுக் கிளை. உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மரமும் இதுதான். அங்கே இந்தப் பூவைப் பிழிந்து சர்பத் செய்து விற்கிறார்கள். பனிமலை அடிவாரத்து மரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி நம்ம பழனி மலையிலே எப்படி வந்தது? அண்டை நாடுகளின் பூமி, தட்பவெப்பம், அவர்கள் தேசியச் சின்னமாக வைத்திருக்கிற மரம் செடி கொடிகள் எல்லாம் நம்ம விவசாயத்தோடு எப்படிச் சம்பந்தப்படுகின்றன? இதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

உயரமே தட்பவெப்பம்

நம்ம நாட்டுக்குத் தரை எல்லை உள்ள அண்டை நாடுகள் ஏழு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மியான்மர் என்கிற பர்மா. கடலுக்கு அப்பால் இலங்கையும் மாலத்தீவும். இத்தனை நாட்டையும் சுற்றிப் பார்க்க நமக்கு வசதி இல்லை. ஆனால் வத்தலக்குண்டிலே கொடைக்கானல் பஸ் ஏறினால் போதும், பாதி நாடுகளின் சீதோஷ்ணத்தை அரை நாளிலே பார்த்துவிடலாம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? வத்தலக்குண்டு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர். அதற்கும் மேற்கே வந்தரவு பக்கம் 2,500 மீட்டரைத் தாண்டுகிறது. மேலே போகப் போக, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி சூடு குறைகிறது. சித்திரையிலே வத்தலக்குண்டில் 36 டிகிரி கொளுத்தும்போது, கொடைக்கானலில் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மார்கழி, தையில் மேல்மலைப் பள்ளங்களிலே உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகுவதும் உங்களுக்குத் தெரியும்.

மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது என்று சிலர் கேட்பார்கள். சைக்கிள் டியூபிலே வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே அமுங்கியிருந்த காற்று வெளியே வந்து விரிகிறபோது சில்லென்று இருக்கும். காற்று விரிந்தால் குளிரும். தரையிலே நமக்கு மேலே இருக்கிற காற்றின் பாரம் அதிகம். மலை மேலே பாரம் குறைவு. கீழிருந்து ஏறுகிற காற்று மேலே வந்து விரிகிறது, குளிர்கிறது. சங்கதி அவ்வளவுதான்.

இதனால் வடக்கே தூரமாகப் போய் அடைகிற குளிரை, நாம் மேலே ஏறி அடைந்துவிடுகிறோம். ஆதியிலே பூமி முழுக்கக் குளிர்ந்திருந்த பனிக்காலத்தில் குளிர் நாட்டுச் செடிகள் தெற்கு நோக்கிப் பரவின என்றும், பிறகு வெயில் ஏறினதும் சமவெளியிலே அழிந்து, மலை உச்சிகளிலே மட்டும் தங்கிவிட்டன என்றும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வெள்ளம் வந்தால் மேட்டிலே ஏறி நிற்கிற ஆடு மாடு மாதிரி, காட்டுப் பூவரசு நம்ம மலை மேலே ஏறி நின்றுகொண்டது.

அடிவாரம்: தென்னையும் மல்லிகையும்

வாங்க, பஸ் கிளம்பட்டும்.

அடிவாரத்திலே முதலில் கண்ணில் படுவது தென்னந்தோப்பு. தென்னைதான் மாலத்தீவின் தேசிய மரம். அந்த நாடு சுமார் 1,200 சின்னச் சின்னத் தீவுகள். ஆள் குடியிருப்பது 200 தீவுகளுக்குள்தான். உலகத்திலேயே மிகவும் தாழ்வான நாடு அது. அங்கே இயற்கையான மிக உயர்ந்த மேடே இரண்டரை மீட்டரை எட்டாது. நம்ம கிணற்றுமேட்டு உயரம்! மலை இல்லை, அதனால் ஆறும் இல்லை. மழைத் தண்ணீரையும், கடல் தண்ணீரை நன்னீராக்கியும்தான் குடிக்கிறார்கள். மலை இல்லாத ஊரிலே தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டம். பாகிஸ்தானின் தேசிய மலர் மல்லிகைதான். அவர்கள் மல்லிகை நம்ம குண்டுமல்லியின் பங்காளி. பாகிஸ்தானில் மழை குறைவு. பனிமலையிலிருந்து வருகிற சிந்து நதியும் அதன் கிளைகளும் வாய்க்கால்களும்தான் அந்த நாட்டு விவசாயத்துக்கு உயிர். மேலே பனி உருகினால்தான் கீழே கோதுமையும் பருத்தியும் விளையும்.

நடுமலை: பலாவும் வேங்கையும்

பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கீழ்மலை. காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. நடுவிலே பலா மரங்கள். பலாதான் தமிழ்நாட்டின் மாநிலப் பழம். வங்காளதேசத்தின் தேசியப் பழமும் பலாவேதான்! நமக்கு மலைச் சரிவிலே காய்க்கிற மரம், அவர்களுக்கு ஆற்று வண்டலிலே காய்க்கிறது.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டின மண்தான் வங்காளதேசம். பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேலே 10 மீட்டர்கூட இருக்காது. ஆகவே தண்ணீரிலே பூக்கிற வெள்ளை அல்லியைத் தேசிய மலராக வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடியாத பகுதியிலே விவசாயிகள் ஆகாயத்தாமரையை மெத்தை மாதிரி அடுக்கி, மிதக்கும் பாத்தி கட்டி, அதன் மேலே காய்கறி நாற்று வளர்க்கிறார்கள். நாம் களை என்று வாரிப் போடுகிறதை அவர்கள் நிலமாக்கிக்கொண்டார்கள். உலக உணவு, விவசாய நிறுவனம் இந்த முறையை 2015-ல் பாரம்பரிய விவசாய முறைகளின் பட்டியலில் சேர்த்து மரியாதை செய்தது.

இதே நடுமலைக் காட்டிலே வேங்கை மரம் உண்டு. வள்ளியின் சொந்தக்காரர்கள் வந்தபோது முருகன் வேங்கை மரமாக நின்ற கதை உங்களுக்குத் தெரியுமே! அந்த வேங்கையின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் பர்மாவின் 'படவுக்' மரம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முதல் மழை விழுந்ததும் மரம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும். அன்றைக்குப் பூத்தது அன்றைக்கே உதிர்ந்துவிடும். பர்மாக்காரர்கள் அதைத் தலையில் சூடி மழைக்காலத்தை வரவேற்கிறார்கள். மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிற வழக்கம் எல்லா நாட்டு விவசாயிக்கும் ஒன்றுதான்.

இலங்கை: நம்ம மலையின் உடன்பிறப்பு

நாடுகளிலே நமக்கு எல்லா வகையிலும் கிட்டத்திலே இருப்பது இலங்கை. பரப்பிலே தமிழ்நாட்டில் பாதி. பரப்பு வேறானாலும் மலை உயரம் ஒன்றே. இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் பீதுருதாலகாலை 2,524 மீட்டர். நம்ம பழனி மலை உச்சியும் ஏறக்குறைய அதேதான். நுவரெலியாவிலும் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசுதான். அங்குள்ள ஓட்டன் சமவெளியிலே நம்ம மேல்மலை மாதிரியே புல்வெளியும் சோலையும் காட்டுப் பூவரசும் உண்டு. நம்ம குறிஞ்சிக்கு உறவான 'நெலு' என்கிற செடி அங்கேயும் சுமார் 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கிறது. நம்ம குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம்.

மழைக் கணக்கும் ஒரே மாதிரிதான். ஈரத் துணியை இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழிந்தால், பிழிகிற இடத்திலே தண்ணீர் கொட்டும். அப்பால் போகிற துணி காய்ந்திருக்கும். மலை செய்கிற வேலையும் அதுதான். வைகாசி, ஆனியிலே வருகிற தென்மேற்குப் பருவக்காற்றை முதலிலே மூணாறும் ஆனைமலையும் பிழிந்துவிடுகின்றன. நமக்கு மேற்குக் கோடியிலே கொஞ்சம் கிடைக்கும், கிழக்கே போகப் போகத் தூறல்தான். ஐப்பசி, கார்த்திகையிலே வங்காள விரிகுடாவிலிருந்து வருகிற வடகிழக்குப் பருவக்காற்றுதான் தாண்டிக்குடி, பண்ணைக்காடு சரிவுகளை நனைக்கிறது. இலங்கையிலும் தென்மேற்கு மூலைக்கு ஒரு பருவம், வடக்குக்கும் கிழக்குக்கும் வேறு பருவம். ஐப்பசியிலே மழை பிடித்துச் செய்கிற சாகுபடியை அங்குள்ள தமிழர்கள் 'பெரும்போகம்' என்கிறார்கள், மற்றதை 'சிறுபோகம்' என்கிறார்கள். பேரிலேயே கணக்கு இருக்கிறது, பாருங்கள்!

இலங்கையின் தேசியப் பறவை காட்டுக்கோழி. அவர்கள் சேவலுக்கு நெஞ்சு செம்மஞ்சளாக இருக்கும், நம்ம மலைச் சேவல் சாம்பல் நிறம். முருகனுக்குக் கொடியிலே சேவல், வாகனம் மயில். அந்த மயிலைத்தான் 1963-ல் இந்தியா தேசியப் பறவையாக எடுத்துக்கொண்டது. இலங்கையின் தேசிய மரம் நாகமரம். கொடியிலே சிங்கத்தைச் சுற்றி நாலு மூலையிலும் அரச இலை.

மனித உறவும் உண்டு. மதுரைச் சீமைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1834-ல் யாழ்ப்பாணத்து மிஷனிலிருந்துதான் கிளம்பி வந்தார்கள். அவர்கள்தான் 1845-ல் கொடைக்கானலிலே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானலில் நாம் கும்பிடுகிற குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் கட்டியவர் லீலாவதி அம்மையார், இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார். நம்ம ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களிலே பல, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து கொடைக்கானல் மலையிலும் குடியேறின. பழகின குளிரும் பழகின மலையும் அவர்களுக்கு இங்கேதான் கிடைத்தது.

காப்பி போட்டவர்கள் இலங்கைக் கதை ஒன்றைக் காதிலே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாடு ஒரு காலத்திலே காப்பிக்குப் பேர்போன நாடு. மலைக்காட்டை எல்லாம் வெட்டிவிட்டு ஒரே பயிராகக் காப்பி வைத்தார்கள். 1869-ல் இலைத்துரு நோய் வந்தது. இலைக்கு அடியிலே ஆரஞ்சு நிறத்திலே பொடி, பிறகு இலை உதிர்வு. தடுக்க மருந்து தெரியாத காலம். ஒவ்வொரு தோட்டமாகக் காலியாகி, கடைசியிலே காப்பியைப் பிடுங்கிப் போட்டுத் தேயிலை வைத்தார்கள். அதே நோய்தான் நம்ம காப்பியிலும் வருகிறது. நமக்கு அரை சதவீத போர்டோ கலவை இருக்கிறது. மழைக்கு முன்னாலேயும் பின்னாலேயும் இலைக்கு அடியிலே படும்படி அடியுங்கள். நிழலைச் சீர்பண்ணிக் காற்றோட்டம் வையுங்கள். ஒரே பயிரை நம்பாமல் மிளகு, பலா, வாழை எல்லாம் கலந்து வைக்கிற நம்ம கீழ்மலை வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

உச்சி: நேபாளமும் பூட்டானும்

பஸ் கொடைக்கானல் வந்துவிட்டது. இங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் பையன் படித்த பூவைப் பார்க்கலாம்.

நேபாளம் ஒரு அதிசயமான நாடு. தெற்கே 'தராய்' என்கிற சமவெளி 100 மீட்டர்கூட உயரம் இல்லாத இடத்திலே தொடங்குகிறது. வடக்கே 8,848.86 மீட்டர் உள்ள எவரெஸ்ட். இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டர்தான். கீழே நெல்லும் கரும்பும், நடுவிலே படிக்கட்டு வயலிலே மக்காச்சோளமும் கேழ்வரகும், மேலே உருளைக்கிழங்கும் பார்லியும். நம்ம மலையையே பல மடங்கு பெரிதாக்கி வைத்த மாதிரி. அவர்கள் கொடியும் மற்ற நாட்டுக் கொடி மாதிரி நீள்சதுரமாக இருக்காது. இரண்டு முக்கோணம் மேலும் கீழுமாக மலை மாதிரி நிற்கும். ஆனி மாதம் நாற்று நடுகிற நாளையே அங்கே தேசிய நெல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சேற்றிலே இறங்கிச் சின்னவர் பெரியவர் எல்லோரும் விளையாடி, தயிரும் அவலும் சாப்பிடுவார்கள்.

நேபாளத்திலே ஒரு காலத்தில் காடு அரசாங்கத்துடையது, வெட்டுகிறவன் கெட்டிக்காரன் என்று இருந்தது. சரிவுகள் மொட்டையாயின, மண் சரிந்தது, ஊற்று வற்றியது. 1993-ல் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்து, கிராமத்துக் காட்டைக் கிராமத்துக் குழுக்களிடமே ஒப்படைத்தார்கள். எந்த மாதம் விறகு எடுக்கலாம், எங்கே மாடு மேயலாம், யார் காவல் என்பதை எல்லாம் குழுவே கூடி முடிவு செய்யும். இப்படி 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. நாட்டு நிலத்திலே நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேலே திரும்பவும் காடாக இருக்கிறது. பூட்டானோ ஒரு படி மேலே போய், நிலத்திலே நூற்றுக்கு அறுபது பங்கு எந்தக் காலத்திலும் காடாக இருக்க வேண்டும் என்று 2008-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

பூட்டானின் தேசிய விலங்கு 'டாக்கின்'. ஆட்டுத் தலையும் மாட்டு உடம்புமாக இருக்கும். பாகிஸ்தானுக்கு 'மார்க்கோர்' என்கிற முறுக்குக் கொம்புக் காட்டாடு. நம்ம தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. மேல்மலைப் பாறை முகடுகளிலே நிற்குமே, அதுதான். பாருங்கள், இந்த இடங்களில் எல்லாம் மலையாட்டைத்தான் கௌரவப்படுத்தி இருக்கிறார்கள். வரையாட்டுக்கு வேண்டியது பாறையும் புல்லும். புல் போனால் அதுவும் போகும்.

நம்ம வீட்டு விஷயம்

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பழனி மலையின் பழைய காடு இரண்டு பங்காளிகள் சேர்ந்தது. பள்ளத்திலே சோலை, மேட்டிலே புல். மழைத் தண்ணீரை இரண்டும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, மாசி பங்குனியிலே மெள்ள மெள்ள ஓடையிலே விடும். அந்தத் தண்ணீர்தான் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி, பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு என்று நாலு பக்கமும் இறங்குகிறது. பெரியகுளம் ஊர் குடிக்கிறது பேரிஜம் ஏரித் தண்ணீர். பழனி வயலும், பெரியகுளம் மாந்தோப்பும், நான் முதலிலே சொன்ன மல்லிகைத் தோட்டமும் மேல்மலைப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தப் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து, தோல் பதனிடுகிற பட்டைக்காக வாட்டிலும், யூகலிப்டஸும், பைனும் வைத்தார்கள். வாட்டிலும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியா மரங்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிக் கிடந்து, நெருப்புப் பட்டால் கூட்டமாக முளைக்கும். 1973-லிருந்து 2014 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு விஞ்ஞானிகள் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்த நாற்பது வருஷத்தில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போனதிலே பெரும்பங்கு இந்த வெளிநாட்டு மரத்துக்கு, மீதி விவசாயத்துக்கு. 2013-ல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஓடையும் சரிவும் நம்ம கையிலேதான் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று: உங்கள் பட்டா நிலத்து வழியாக ஓடை போனால், இரண்டு கரையிலும் மண்வெட்டி படாமல் நாட்டு மரத்தையும் புதரையும் அப்படியே விடுங்கள்.

இரண்டு: மாசி பங்குனியிலே புதுப் புல் வரட்டும் என்று மேட்டுக்குத் தீ வைக்காதீர்கள். புல் வருவதற்கு முந்தி வாட்டில் வந்துவிடும்.

மூன்று: வாட்டில் கன்று முளைத்தால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். விரல் கனத்திலே விட்டால் பிறகு கோடாலிதான். பெரிய மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அதன் நிழலிலே சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருக்கும். மேலும் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.

நாலு: பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் பார் வழியாக மண்ணே ஆறாக ஓடும்.

ஐந்து: காப்பி நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டும் போதாது. பலா, வேங்கை, அத்தி என்று நாட்டு மரத்தையும் நடுவிலே வையுங்கள். இலை உதிர்ந்து உரமாகும், பறவை வரும், பலாப்பழம் காசாகும்.

வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள். நாட்டுக்கு நாடும் அப்படித்தான். மாலத்தீவுக்குக் கடல் பயம், வங்காளதேசத்துக்கு வெள்ள பயம், நேபாளத்துக்கு மலைச்சரிவு பயம். அவரவர் தங்கள் மண்ணிலே எது போனால் தாங்கள் இல்லையோ, அதைத்தான் சின்னமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மரத்தைக் காசிலும் தபால் தலையிலும் போட்டால் மட்டும் போதாது, மண்ணிலே நிற்க வேண்டும்.

அன்றைக்கு நான் கிளம்புகிறபோது அந்த மேல்மலைக்காரர் மகனைக் கூப்பிட்டு, "டேய், இன்னும் என்னென்ன நாட்டுப் பூ இருக்கு, சத்தமா படி, நானும் கேக்கிறேன்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்த மரத்தடியிலே போன வருஷம் தீ வச்சது நான்தான்யா. பட்டை கனமா இருந்ததாலே பிழைச்சுக்கிச்சு. இனிமே வைக்க மாட்டேன்" என்றார்.

நீங்களும் அடுத்த தை, மாசியிலே மேல்மலைக்குப் போனால் அந்தச் சிவப்புப் பூவைப் பாருங்கள். பறிக்க வேண்டாம். கூட வருகிற பிள்ளைகளுக்குக் காட்டி, இது நேபாளத்துக்குத் தேசியப் பூ, நமக்குத் தண்ணீர் தருகிற சோலைக்குக் காவல்காரன் என்று சொல்லுங்கள்.